தினமும் காலையில் எடை பார்க்கிற வீடு

என் மாமியாருக்கு ஒரு நாள்கூட நெஞ்சு வலித்ததில்லை. கால்தான் வீங்கியது. காலையில் எழும்போது சாதாரணமாக இருக்கும். சாயங்காலம் ஆனால் கணுக்காலைச் சுற்றி உப்பிக்கொண்டு, செருப்பு வார் இருந்த இடம் பள்ளமாகத் தெரியும். விருதுநகர் பக்கம் எங்கள் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயசு என்றார்கள், அடுப்படியில் நின்றே வேலை பார்ப்பதால் என்றார்கள், நீர் கோத்திருக்கிறது, பார்லி கஞ்சி கொடு என்றார்கள். அத்தை அப்போது முழங்கால் வலிக்காக ஒரு கிளினிக்கில் ஊசியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே வீக்கத்தையும் மூட்டுவலிக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதற்கு வாயு என்று பெயர் வந்தது. அப்புறம் ராத்திரி படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காரத் தொடங்கினார். "ஏத்தா, சன்னலத் தெற, காத்து பத்தல" என்பார். அந்தக் கட்டத்தில்தான் மதுரைக்கு அழைத்துப்போய், ஒலி அலையால் இதயத்தைப் படம் பார்க்கிற எக்கோ எடுத்தோம்.

"பம்பிங் 35 பர்சென்ட்தான் இருக்கும்மா. எப்பவோ ஒரு அட்டாக் வலியே இல்லாம வந்துட்டுப் போயிருக்கு" என்றார் இதய மருத்துவர். இதயம் போதிய அளவு இரத்தத்தைத் தள்ள முடியாமல் போகிற இந்த நோய்க்கு இதயச் செயலிழப்பு, ஹார்ட் ஃபெயிலியர், என்று பெயர்.

வலியே இல்லாமல் மாரடைப்பா என்று எங்களுக்கு நம்ப முடியவில்லை. அத்தைக்குச் சர்க்கரை நோய் பல வருடமாக உண்டு. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கும். பாதம் மரத்துப்போவதை எல்லாரும் பார்த்திருப்போம். இதயத்திலிருந்து வலியைக் கொண்டுபோகிற நரம்புகளுக்கும் அதே கதிதான். அதனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் வேர்வையாக, குமட்டலாக, காரணமில்லாத அசதியாக வந்துவிட்டுப் போகலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இப்படி நடப்பது உண்டு. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இடது பக்கத்து இரத்தக்குழாய் ஒன்றில் பழைய அடைப்பு இருந்தது. அந்தக் குழாய் ஊட்டி வளர்த்த தசை ஏற்கெனவே தழும்பாகிவிட்டதால், இப்போது ஸ்டென்ட் வைத்துத் திறப்பதில் பெரிய பலன் இருக்காது, மருந்திலேயே போகலாம் என்று முடிவானது.

35 சதவீதம் என்ற எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது எங்களைப் பல நாள் தூங்கவிடவில்லை. 100க்கு 35 என்றால் மீதி 65 போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு அப்படி இல்லை. இதயத்தின் இடது கீழறை இரத்தத்தால் நிரம்பும்போது ஏறத்தாழ 120 மில்லிலிட்டர் கொள்ளும். நல்ல இதயம்கூட அதை முழுவதும் வெளியே தள்ளுவதில்லை. ஒரு துடிப்பில் 70 மில்லிலிட்டர் அளவுக்குத் தள்ளிவிட்டு, மீதியை உள்ளேயே வைத்துக்கொள்ளும். நிரம்பியதில் எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் அந்தச் சதவீதம். ஆரோக்கியமான ஆளுக்கே அது 55 முதல் 70 வரைதான் இருக்கும். அத்தையின் 35ஐ 60ஓடு வைத்துப் பார்க்க வேண்டும். குறைவுதான், ஆனால் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. எக்கோ ரிப்போர்ட்டை நோயாளியின் கையில் கொடுக்கும்போது இந்த ஒரு வரியை யாராவது சொன்னால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகச் சாப்பிடும்.

எக்கோ கருவி மேல் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முட் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் 1953இல், உலோகத்தில் உள்விரிசல் பார்க்கப் பயன்பட்ட ஒலிக்கருவியைக் கடன் வாங்கி இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்னால், துடித்துக்கொண்டிருக்கிற இதயத்தின் சுவர் அசைவதைக் கத்தியோ கதிரோ இல்லாமல் பார்க்க வழியே கிடையாது. அத்தை படுத்திருக்க, திரையில் இடது அறையின் ஒரு பக்கச் சுவர் நன்றாகச் சுருங்குவதையும் இன்னொரு பக்கம் மந்தமாகக் கிடப்பதையும் நானே கண்ணால் பார்த்தேன்.

சரி, இதயத்தில் குறை என்றால் கால் ஏன் வீங்குகிறது? இது புரிந்த பிறகுதான் மருத்துவர் சொன்ன ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் எங்களுக்குக் காரணம் தெரிந்தது, காரணம் தெரிந்த பிறகுதான் அத்தை அவற்றைக் கடைப்பிடித்தார்.

இதயம் பார்க்க ஒன்றாக இருந்தாலும் வேலையில் இரண்டு. வலது பக்கம், உடம்பெல்லாம் சுற்றிவிட்டு வருகிற இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு வருகிற இரத்தத்தை இடது பக்கம் வாங்கி, தலையிலிருந்து கால்வரை அனுப்புகிறது. இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் துடிக்கின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ஒவ்வொன்றின் வழியாகவும் போகிறது. பெரியவர் ஒருவர் உடம்பில் இருக்கிற மொத்த இரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்படியென்றால் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் துடிப்பு, 7,000 லிட்டர்.

இதில் முக்கியமான விஷயம், இரண்டு பக்கமும் ஒரே அளவைத் தள்ளியாக வேண்டும் என்பது. வலது பக்கம் அனுப்புவதைவிட இடது பக்கம் துடிப்புக்கு ஒரே ஒரு மில்லிலிட்டர் குறைவாகத் தள்ளிக்கொண்டே போனால், மணிக்கு 4 லிட்டருக்கு மேல் நுரையீரலில் தேங்க வேண்டிவரும். நல்ல இதயம் அப்படி நடக்க விடாது. கூடுதலாக இரத்தம் வந்து அறை விரிந்தால், அடுத்த துடிப்பில் அதுவும் கூடுதல் பலத்தோடு சுருங்கி வந்ததை வெளியேற்றிவிடும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தத் தசைக்கு இருக்கிற இந்தக் குணம் எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகிறது. தசை தழும்பாகிவிட்டால் இந்தச் சக்தி குறைந்துபோகிறது.

இடது பக்கம் வந்ததை முழுவதும் அனுப்ப முடியாமல் தடுமாறும்போது, மடை அடைபட்ட வாய்க்காலில் தண்ணீர் பின்பக்கமாக ஏறுவதுபோல, அழுத்தம் பின்னால் ஏறுகிறது. இடது பக்கத்துக்குப் பின்னால் இருப்பது நுரையீரல். அங்கே தந்துகிகள் என்கிற நுண்ணிய இரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து காற்றுப் பைகளுக்குள் இறங்குகிறது. அதுதான் மூச்சு வாங்குதல். நுரையீரலில் அழுத்தம் கூடியே இருந்தால் அதற்குள் இரத்தத்தைத் தள்ள வேண்டிய வலது பக்கமும் நாளடைவில் களைத்துவிடுகிறது. அதற்குப் பின்னால் இருப்பது மொத்த உடம்பின் சிரைகள், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிற குழாய்கள். அங்கே ஏறுகிற அழுத்தம், பூமி இழுக்கிற பக்கமாக, நாள் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிற காலில் முதலில் தெரியும். ஈரல் வீங்கி வயிறு உப்புசமாக இருப்பதும், இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்த மாதிரி தோன்றுவதும் இதனால்தான். எங்கள் வீட்டில் வாயு என்று பேர் வாங்கியது இதுதான்.

ராத்திரி மூச்சு முட்டியதற்கும் இதுவே விளக்கம். படுத்ததும் காலில் தேங்கிக் கிடந்த நீர் மெல்ல இரத்தத்துக்குள் திரும்பி வருகிறது. வலது பக்கம் அதை நுரையீரலுக்கு அனுப்பிவிடுகிறது, இடது பக்கத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை. காலையில் கால் வடிந்திருந்ததைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். அந்த நீரின் ஒரு பங்கு ராத்திரி நெஞ்சுக்கு வந்திருந்தது. மருத்துவர் ஒவ்வொரு முறையும் "எத்தனை தலகாணி வச்சுப் படுக்குறீங்க?" என்று கேட்பது இதற்காகத்தான். ஒன்று போதும் என்றிருந்தவருக்கு மூன்று தேவைப்படுகிறது என்றால் நுரையீரலில் நீர் ஏறுகிறது என்று அர்த்தம்.

கால் வீக்கம் எல்லாமே இதயம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறுநீரகக் கோளாறு, ஈரல் கோளாறு, தைராய்டு, இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற அம்லோடிபின் மாத்திரை, இவற்றாலும் வீங்கும். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீங்கி வலியும் இருந்தால் உள்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம்; அதை அன்றைக்கே காட்ட வேண்டும். இரண்டு காலும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக நிரம்பி, கூடவே மூச்சும் வாங்கினால், அங்கே எக்கோ எடுக்காமல் விடக் கூடாது.

இனி சிறுநீரகத்தின் பங்கு. இதயம் அனுப்புகிற இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. இதயம் பலவீனமாகி அந்த ஓட்டம் குறைந்ததும், உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. வயிற்றுப்போக்கிலும் இரத்தப்போக்கிலும் நம் உயிரைக் காப்பாற்ற அமைந்த ஏற்பாடு அது. ஹார்மோன்களைக் கிளப்பி உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, இரத்தக்குழாய்களை இறுக்குகிறது. ஏற்கெனவே தள்ள முடியாமல் திணறுகிற இதயத்துக்கு இதனால் பளு இன்னும் கூடுகிறது. அதனால் ஓட்டம் மேலும் குறைகிறது, சிறுநீரகம் மேலும் பிடித்துவைக்கிறது. இந்தச் சுழலை எங்கேயாவது அறுப்பதுதான் மருந்து, உப்பு, எடை என்று எல்லாமும்.

எடைக்கு வருகிறேன். காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், ஏறத்தாழ ஒரே மாதிரி உடுப்போடு அத்தையை எடை மெஷினில் நிற்கவைத்து, காலண்டரில் அன்றைய தேதிக்குப் பக்கத்தில் குறிக்கிறோம். கொழுப்போ சதையோ ஒரே ராத்திரியில் ஒரு கிலோ ஏறாது. ஒரு நாளில் ஒரு கிலோ, அல்லது மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர்தான். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. காலில் குழி விழுகிற அளவுக்கு வீக்கம் தெரிவதற்கு முன்பே உடம்பில் லிட்டர் கணக்கில் நீர் சேர்ந்திருக்கும். எடை மெஷின் அதைப் பல நாள் முன்னதாகச் சொல்லிவிடும். இப்படி ஏறினால், நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிற தண்ணி மாத்திரையை எப்படிக் கூட்ட வேண்டும், எந்த அளவுக்கு மேல் போனால் நேரில் வர வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவைத்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் இந்த அளவு மாறும். உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தயங்காதீர்கள். தீபாவளிக்கு மறுநாள் எங்கள் காலண்டரில் எடை துள்ளிக் குதித்திருந்தது. மாத்திரையைக் கூட்டி இரண்டு நாளில் இறக்கினோம், ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

தீபாவளிக்கு ஏன் ஏறியது என்றால், உப்பு. அத்தை சாத்தூர் காராச்சேவுப் பிரியர். உப்பைப் பற்றி எனக்குக் கண்ணைத் திறந்தது ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டில். அதில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் இரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஈடாக அந்த அளவு. அப்படியானால் சிறுநீரகம் வெளியே விடாமல் 9 கிராம் உப்பு உடம்பில் தங்கினால், அதைச் சமன்செய்ய ஒரு லிட்டர் நீரும் கூடவே தங்கும். தாகம் எடுக்கும், குடிப்போம், தங்கிவிடும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டில் சோற்றில் ஒரு உப்பு, குழம்பில் ஒரு உப்பு, பொரியலில் ஒரு உப்பு, அதற்கு மேல் ஊறுகாயும் அப்பளமும்.

நாங்கள் செய்தது இதுதான். அத்தைக்கு உரிய ஒரு நாள் உப்பைக் காலையிலேயே ஒரு சின்ன டப்பாவில் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். குழம்பை உப்பில்லாமல் இறக்கி, அவர் பங்கை எடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு உப்புச் சேர்ப்போம். அவர் தட்டில் அந்த டப்பாவிலிருந்து மேலாகத் தூவிக்கொள்வார். மேலே தூவிய உப்பு நாக்கில் நேரடியாகப் படுவதால் கொஞ்சமே போதுமானதாக இருக்கிறது. எலுமிச்சை, மிளகு, வறுத்த சீரகம், கொத்தமல்லி, இவை நிறையக் கைகொடுக்கும். முதல் சில வாரம் "இதென்ன பத்தியச் சோறு" என்று தட்டைத் தள்ளினார். பிறகு நாக்கு பழகிவிட்டது. இப்போது கல்யாண வீட்டுச் சாம்பார் அவருக்கே கரிக்கிறது. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, இட்லிப் பொடி, மிக்சர், இவையெல்லாம் உப்பு மறைந்திருக்கும் இடங்கள். பேக்கரி பன், பிஸ்கட்டில் சோடா உப்பு இருக்கும். வாயு என்று தண்ணீரில் கரைத்துப் பொங்கப் பொங்கக் குடிக்கிற பொடியிலும் உப்பில் இருக்கிற அதே சோடியம்தான்.

இந்துப்பு நல்லது, அதில் தீங்கில்லை என்று உறவினர் ஒருவர் பை பையாக வாங்கிக் கொடுத்தார். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. சோடியம் குறைந்தது என்று கடையில் விற்கிற உப்பில் பொட்டாசியம் இருக்கும், அது இன்னும் கவனமாக இருக்க வேண்டிய விஷயம். இதய நோயாளிகள் சாப்பிடுகிற சில மாத்திரைகள் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைப்பவை. இரத்தத்தில் பொட்டாசியம் அளவு மீறினால் இதயத்தின் துடிப்பு ஒழுங்கே குலைந்துபோகும். தினமும் இளநீர் குடிப்பதையும் இதனால்தான் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

குடிக்கிற அளவு: அத்தைக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று சொல்லியிருக்கிறார்கள். காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் அதில் அடக்கம். எல்லா இதய நோயாளிகளுக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவைப்படாது. கத்திரி வெயிலில் எங்கள் ஊரில் இந்த அளவைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

வலி மாத்திரை பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குள் போகிற இரத்தக்குழாயைச் சுருக்கி, உப்பையும் நீரையும் தேங்கவைக்கும். பலவீனமான இதயத்துக்கு இவை நேரடிக் கெடுதி. அத்தை மாதிரி வயதில் முழங்கால் வலி இல்லாத பெண்கள் குறைவு, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கேட்டாலும் கிடைத்துவிடுகிறது. எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "ஹார்ட் பம்பிங் குறைவு" என்று சொல்லிவிட வேண்டும். அத்தைக்கு முழங்காலுக்கு இப்போது பாராசிட்டமாலும், மேலே பூசுகிற களிம்பும், தொடைத் தசைக்கான பயிற்சியும்தான்.

தினசரி மாத்திரைகளில் ஒவ்வொன்றும் மேலே சொன்ன சுழலை ஓரிடத்தில் அறுக்கிறது. ஒன்று, சிறுநீரகம் கிளப்பிவிடுகிற ஹார்மோன்களைத் தடுத்து இரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. முதலில் கொடுத்ததில் ஓயாத வறட்டு இருமல் வந்தது. சொன்னதும் வேறு மாற்றிக்கொடுத்தார்கள். ஸ்பைரனோலாக்டோன், உப்பைப் பிடித்துவைக்கிற கடைசிக் கட்டத்தைத் தடுக்கிறது. அதற்காக அவ்வப்போது இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியாட்டினினும் பார்க்கிறோம். டாப்பாகிளிஃப்ளோசின், சர்க்கரைக்கென்று வந்த மருந்து. சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் அது பலன் தருகிறது என்று 2019இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் அரிப்பும் தொற்றும் வரலாம். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிடுகிறார்கள். சுத்தமாகக் கழுவித் துடைத்துக்கொள்வதும், வந்தால் உடனே சொல்வதும் போதும்.

மெட்டோப்ரோலால் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை. பலவீனமான இதயத்தை மேலும் மெதுவாக்குவதா என்று எனக்கு முதலில் புரியவில்லை. இதயத்தின் அறைகளுக்குள் எவ்வளவு இரத்தம் இருந்தாலும் அதன் தசை அதிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் தமனிகள்; அவற்றில் பெரியதான மகாதமனி தொடங்கும் இடத்திலிருந்து பிரிகிற இரண்டு சின்னத் தமனிகள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. இடது அறை சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடுகிற குழாய்களையே நெரித்துக்கொள்கிறது. அதனால் அதற்கு இரத்தம் கிடைப்பது பெரும்பாலும் தளர்ந்திருக்கும் நேரத்தில். நிமிடத்துக்கு 75 துடிப்பென்றால், ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 0.8 நொடி, அதில் 0.5 நொடி தளர்வு. துடிப்பு 120க்கு ஏறினால் வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்தத் தளர்வு நேரம்தான். மெதுவாகத் துடிக்கவைப்பது இதயத்துக்குச் சாப்பிட நேரம் கொடுக்கிறது. சின்ன அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்லக் கூட்டினார்கள். ஆரம்பத்தில் அசதி இருந்தது, பொறுத்துக்கொண்டோம், சரியானது. இந்த மாத்திரைகளோடு அத்தையின் இரத்த அழுத்தம் 100/60 பக்கம்தான் நிற்கிறது. தலைசுற்றல் இல்லாதவரை அது பரவாயில்லை என்கிறார் மருத்துவர். படுக்கையிலிருந்து எழும்போது மட்டும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும்.

தண்ணி மாத்திரையான ஃப்யூரோசமைடைக் காலையில் போட்டால், அடுத்த சில மணி நேரம் பாத்ரூமுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும். பஸ்ஸில் விசேஷத்துக்குப் போகிற நாளில் அத்தை இதைப் போடாமல் விட்டுவிடுவார். வழியில் பெண்கள் ஒதுங்க நல்ல இடம் கிடையாதே, அவர் என்ன செய்வார்? இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டோம். "விடாதீங்கம்மா, திரும்பி வந்து மத்தியானம் போட்டுக்குங்க, ராத்திரிக்குத் தள்ளாதீங்க" என்றார். அவ்வளவு எளிமையாக முடிந்தது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் மட்டும் நிலைமை தலைகீழ். நீர் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும், அப்போது இந்த மாத்திரைகளில் சிலவற்றை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். அன்றைக்கே போன் செய்து கேட்டுவிடுவோம்.

நடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரெஸ்ட் எடுக்கட்டும் என்று எல்லாரும் அத்தையைக் கட்டிலிலேயே வைக்கப் பார்த்தார்கள். காலிலிருந்து இரத்தம் மேலே ஏற இதயத்தின் தள்ளுவிசை மட்டும் போதாது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே அனுப்புகிறது. சிரைகளுக்குள் இருக்கிற வால்வுகள் அதைக் கீழே திரும்பவிடுவதில்லை. இந்த வால்வுகளின் வேலையைப் புரியவைத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. மேற்கையைத் துணியால் கட்டி, புடைத்த சிரையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தால் இரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே போகிறது என்று காட்டினார். அதோடு ஒரு கணக்கும் போட்டார்: ஒரு துடிப்பில் வெளியேறுவதை அரை மணி நேரத் துடிப்புகளால் பெருக்கினால் உடம்பிலுள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சிவிடுகிறது. இவ்வளவும் புதிதாக ஊற முடியாது, அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும். 1628இல் இதை வெளியிட்டார். தமனியிலிருந்து சிரைக்கு எந்த வழியாகப் போகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. அவர் இறந்து நாலு வருடம் கழித்து, 1661இல், இத்தாலியின் மால்பீகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாகத் தந்துகிகளைக் கண்டார். இரத்தம் புதிது புதிதாக ஊறித் தீர்ந்துபோகிறது என்று பல நூற்றாண்டாக இருந்த நம்பிக்கையை ஒரு பெருக்கல் கணக்கு மாற்றியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அத்தையின் கைச் சிரையிலேயே இதைத் தேய்த்துப் பார்க்கலாம். பேரனுக்கு அவர் செய்துகாட்டியிருக்கிறார்.

அவர் இப்போது சாயங்காலம் பிள்ளையார் கோயில்வரை நடந்துவிட்டு வருகிறார். நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டுபட்டால் நின்று இளைப்பாற வேண்டும். வேகத்துக்கு இதுதான் அளவு. சில மாதம் கழித்து எடுத்த எக்கோவில் பம்பிங் 42க்கு ஏறியிருந்தது. ஏறிவிட்டதே, மாத்திரையைக் குறைக்கலாமா என்று கொழுந்தனார் கேட்டார். மாத்திரையால்தான் ஏறியிருக்கிறது, நிறுத்தினால் இறங்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அவசரத்துக்கு என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்கிறோம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உட்பட. மூச்சு முட்டினால் அத்தையைப் படுக்கவைக்கக் கூடாது. கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்காரவைத்து, காலைக் கீழே தொங்கவிட வேண்டும். அப்போது இரத்தத்தின் ஒரு பகுதி காலிலேயே தங்கி நெஞ்சின் பளு குறையும். தண்ணீர் கொடுக்கக் கூடாது. நுரை நுரையாகச் சளி, உதடு நீலம், வேர்வை, குழப்பமான பேச்சு, மயக்கம், இதில் எது இருந்தாலும் 108ஐக் கூப்பிட வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, காரணமில்லாத வேர்வை என்று மாரடைப்புச் சந்தேகம் வந்தால், தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்னால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தை மறக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் 2023இலிருந்து அங்கேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். என்ன நோய், கடைசி எக்கோவில் பம்பிங் எவ்வளவு, என்னென்ன மாத்திரை, எந்த அளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வழக்கமான எடை, வழக்கமான இரத்த அழுத்தம், மருத்துவரின் போன் நம்பர். ஆம்புலன்ஸ் வந்தால் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடலாம். மருந்து மாறினால் அன்றைக்கே திருத்தி எழுதிவிடுகிறோம். அதன் போட்டோ வீட்டில் எல்லாருடைய போனிலும் இருக்கிறது.